துணை மறைந்த பிறகு: கைப்பின்னல் வடிவமைப்பு எங்கே தங்குகிறது?

1. கேள்வி

ஸ்வீடனில் இயங்கிவந்த போஹுஸ் ஸ்டிக்னிங் என்ற கைப்பின்னல் நிறுவனம் 1969இல் மூடப்பட்டது. அதன் ஸ்வெட்டர்களை அதே நிறத்தில், அதே மென்மையில் மறுபடியும் பின்னிப் பார்க்க ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் ஆயிற்று. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மன் 1999 நவம்பர் 30 அன்று இறந்தார். அவர் வகுத்த ஸ்வெட்டர்களும் குழந்தைச் சட்டைகளும் அந்த வாரத்திலும் உலகின் பல வீடுகளில் ஊசியில் இருந்தன, இன்றும் இருக்கின்றன. இரண்டும் கைவேலை. இரண்டையும் நடத்தியவர்கள் கூரிய அறிவும் பிடிவாதமும் கொண்ட பெண்கள். அப்படியிருக்க ஒன்று அறுந்ததும் மற்றது தொடர்ந்ததும் ஏன்?

துணையை இழந்த ஒருவர், மறைந்தவரின் கைப்பின்னல் வடிவமைப்புகளைக் காப்பாற்ற முயலும்போது உண்மையில் எதைக் காப்பாற்றுகிறார் என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. துணை என்பதை இங்கே சற்று அகலமாகவே எடுத்துக்கொள்கிறேன். கணவன் மனைவி மட்டுமல்லாமல் தொழில் கூட்டாளி, சேர்ந்து வேலை செய்த தாயும் மகளும், வரைபவரும் பின்னுபவரும் எல்லோரும் இதில் அடங்குவர். பின்னலாடை என்றதும் நம் மனத்தில் எழும் திருப்பூரின் இயந்திரங்களுக்கு இந்தக் கேள்வியில் இடமில்லை. இரண்டு ஊசி, ஒரு நூல்கண்டு, ஒரு மடி என்ற அளவில் நடக்கும் வேலையைப் பற்றியே பேசுகிறேன்.

2. நிலவும் இரண்டு பார்வைகள்

இதுபற்றிப் பொதுவாக இரண்டு எண்ணங்கள் உண்டு. ஒன்று அருங்காட்சியகத்தின் பார்வை. முடிந்த ஆடையைப் பூச்சி அரிக்காமல், வெளிச்சம் படாமல் வைத்துவிட்டால் மரபு பிழைத்தது என்பது அதன் நம்பிக்கை. இன்னொன்று கடையின் பார்வை. பெயரும் முத்திரையும் சந்தையில் இருக்கும்வரை வடிவமைப்பாளர் உயிரோடிருக்கிறார் என்பது அதன் கணக்கு.

இரண்டிலும் குறை உண்டு. பெட்டியில் கிடக்கும் ஸ்வெட்டர் தன்னைப் பின்னிய முறையை முழுமையாகச் சொல்லாது. தேர்ந்த ஒருவர் கண்ணிகளை எண்ணிப் பார்த்துப் பெரும்பகுதியை மீட்கலாம். ஆனால் பின்னியவர் எந்த வரிசையில் தடுமாறினார், எதைப் பிரித்து மறுபடி போட்டார், எந்த நிறத்தை முயன்று கைவிட்டார் என்பதை அந்த ஆடையிலிருந்து படிக்க இயலாது. கடையின் பார்வையோ இன்னும் ஆபத்தானது. பெயரைக் காக்கும் அவசரத்தில் வரலாற்றையே புதிதாகப் பின்னிவிடும் வழக்கம் அதற்கு உண்டு. அயர்லாந்தின் அரான் ஸ்வெட்டர் இதற்குத் தெளிவான சான்று என்பதால் அங்கே கொஞ்சம் நின்றுவிட்டு மேலே செல்வது நல்லது.

3. அரான்: சாவின் பேரில் கட்டப்பட்ட கதை

அரான் தீவுகளின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பின்னல் உண்டு. கடலில் மூழ்கிய மீனவனின் உடல் கரையொதுங்கும்போது ஸ்வெட்டரை வைத்தே குடும்பத்தார் அடையாளம் காண்பார்கள். இந்தக் கதையைக் கேட்காத சுற்றுலாப் பயணி இருக்க மாட்டார். குடும்பப் பெயருக்கு ஏற்ற பின்னல் என்று சொல்லி இன்றும் விற்கிறார்கள். கணவனை இழந்தவளின் கையில் அவள் பின்னிய சட்டை மட்டும் மிஞ்சுவது என்ற காட்சிக்கு இருக்கும் வலிமை, ஆதாரத்தைப் பற்றிய கேள்வியையே எழவிடாமல் செய்துவிடுகிறது.

ஆதாரம் வேறு கதை சொல்கிறது. ஜே. எம். சிங் எழுதி 1904இல் மேடையேறிய ‘ரைடர்ஸ் டு தி சீ’ நாடகத்தில், மூழ்கிய அண்ணனின் உடுப்பைத் தங்கை அடையாளம் காண்கிறாள். அது ஸ்வெட்டர் அல்ல, காலுறை. அவள் அடையாளம் காண்பது குடும்பச் சின்னத்தை அல்ல. தான் போட்ட கண்ணிகளின் எண்ணிக்கையையும் தன் கை நழுவவிட்ட கண்ணிகளையும். பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் நூல் வியாபாரம் செய்த ஹைன்ஸ் எட்கர் கீவே, 1936இல் டப்ளினில் ஒரு வெள்ளை அரான் ஸ்வெட்டரைக் கண்டு மயங்கி, அதற்குப் பல நூற்றாண்டுப் பழைமையையும் சமயப் பொருளையும் ஏற்றினார். 1967இல் அதை நூலாகவும் வெளியிட்டார். ரிச்சர்ட் ரட் 1987இல் எழுதிய கைப்பின்னல் வரலாறு இந்தக் கட்டுமானத்தைத் தகர்த்தது. அரான் ஸ்வெட்டர் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வருமானத்துக்காகப் பின்னிய பெண்களின் திறமையால் உருவானது என்பதே இன்று ஆய்வாளர்கள் ஏற்கும் முடிவு. (ரட் அப்போது லெஸ்டர் நகரின் ஆங்கிலிக்கன் பிஷப். சமயப் பொருள் கற்பித்த வியாபாரியை ஒரு பிஷப் திருத்த வேண்டியிருந்தது.)

இந்த விவகாரத்தில் நம் கேள்விக்கு உதவுவது அந்தத் தங்கையின் எண்ணிக்கைதான். சிங் கவனித்து எழுதியது சரியான இடம். ஒருவர் பின்னியதை மற்றவரின் வேலையிலிருந்து பிரித்துக் காட்டுவது சின்னம் அல்ல, கை. அந்தக் கையை எழுதிவைக்க முடியுமா என்பதைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டும்.

4. எந்தத் துணை போனார்?

கைப்பின்னலில் ‘வடிவமைப்பாளர்’ என்று ஒருவரைச் சுட்டுவது பாதி உண்மை. வரைபவர் ஒருவர், பின்னுபவர் ஒருவர், குறிப்பெழுதிக் கணக்குப் பார்ப்பவர் ஒருவர் என்று வேலை பிரிந்திருப்பதே வழக்கம். இவர்களில் யார் மறைந்தார் என்பதைப் பொறுத்து இழப்பு மாறும். மரபைக் காப்பது பற்றிய பேச்சு முதலாமவரை மட்டுமே கணக்கில் கொள்கிறது.

லண்டன் ஆடை வடிவமைப்பாளர் பில் கிப்பை எடுத்துக்கொள்வோம். ஸ்காட்லாந்தில் 1943இல் பிறந்தவர். அமெரிக்காவிலிருந்து வந்த ஓவியர் காஃபி ஃபாசெட் அவருடைய நெருங்கிய நண்பர், தொழில் துணை. இருவரும் ஸ்காட்லாந்துக்குப் போன பயணத்தில் ஃபாசெட் ஷெட்லாண்ட் கம்பளி நூலின் நிறங்களில் மனத்தைப் பறிகொடுத்து, கை நிறைய நூல் வாங்கி, லண்டன் திரும்பும் ரயிலில் சகபயணி ஒரு பெண்ணிடம் பின்னக் கற்றுக்கொண்டார். கிப் வடிவமைத்து, ஃபாசெட்டின் கைப்பின்னல் மேல்சட்டையும் சேர்ந்த உடை, பாத் நகர ஃபேஷன் அருங்காட்சியகத்தின் 1970ஆம் ஆண்டு உடையாகத் தேர்வானது. கிப்பின் தொகுப்புகளுக்காக ஃபாசெட் தீட்டிய சிக்கலான நிறக்கோலங்களை ஊசியில் ஏற்றியவர் மில்ட்ரட் போல்ட்டன் என்ற பின்னல் வல்லுநர். அந்த மூன்றாவது பெயரைப் பின்னல் உலகத்துக்கு வெளியே அறிந்தவர் சிலரே.

கிப் 1988 ஜனவரியில், 44 வயதில் இறந்தார். அதே ஆண்டில் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஃபாசெட்டின் படைப்புகளைத் தனிக் காட்சியாக வைத்தது. வாழும் ஜவுளிக் கலைஞர் ஒருவருக்கு அங்கே கிடைத்த முதல் தனிக் காட்சி அது. கிப்பின் வெட்டும் தையலும் இன்று அருங்காட்சியகப் பொருட்கள். அவரோடு சேர்ந்து உருவான நிறப்பின்னலோ, ஃபாசெட் 1985இல் வெளியிட்ட ‘குளோரியஸ் நிட்டிங்’ வழியாக ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. ஃபாசெட்டின் திறமை மட்டும் இதற்குக் காரணமல்ல. அவர் தம் முறையை மிக எளிதாக வைத்திருந்தார். கடினமான கண்ணி எதுவும் கிடையாது. நிறத்தை எப்படித் தேர்வது என்பதே பாடம். ‘இந்த நிறம் கிடைக்காவிட்டால் அதற்குப் பக்கத்து நிறம் இரண்டைச் சேர்’ என்ற வகையான பாடத்தை எவரும் எடுத்துச் செல்லலாம். உயர்ந்த தையற்கலைக்கு அந்த வசதி இல்லை.

பின்னுபவர் மறைந்தால் என்ன ஆகும்? இதை ஒரு கணக்கால் காட்டலாம். ஒரே நூல், ஒரே எண் ஊசி, ஒரே குறிப்பு. ஒருவர் கையில் 10 செ.மீ. அகலத்துக்கு 20 கண்ணி விழுகிறது. சற்று இறுக்கமாகப் பின்னும் இன்னொருவர் கையில் 22 விழுகிறது. குறிப்பு 200 கண்ணி போடச் சொன்னால் முதலாமவரின் ஸ்வெட்டர் 100 செ.மீ. சுற்றளவு வரும். இரண்டாமவருடையது 91 செ.மீ.கூட எட்டாது. மனைவி விட்டுச்சென்ற பாதி ஸ்வெட்டரை வேறொருவரிடம் கொடுத்து முடிக்கச் சொன்ன எவரும் இதை அறிவார்கள். எங்கே கை மாறியது என்பது துணியில் ஒரு கோடாகத் தெரியும். துவைத்து நீவி உலர்த்தினால் அந்தக் கோடு ஓரளவு மங்கும், முற்றிலும் மறைவதில்லை.

அமெரிக்காவில் 2022இல் தொடங்கிய லூஸ் எண்ட்ஸ் என்ற அமைப்பு இந்த இடத்தில்தான் இயங்குகிறது. இறந்தவர்கள் முடிக்காமல் விட்ட பின்னலையும் தையலையும் தன்னார்வலர்கள் வாங்கி, முடித்து, குடும்பத்துக்கே திருப்பித் தருகிறார்கள். முடிப்பவர் தம் கையை மறைக்க வேண்டுமா, தெரியவிட வேண்டுமா? மறைந்தவரின் இறுக்கத்துக்கு ஏற்ப ஊசி எண்ணை மாற்றிக்கொள்வது நல்ல கைவினைஞரின் பண்பு. கோடு தெரிவதையே விரும்பும் குடும்பங்களும் இருக்கலாம். பொது விதி எதுவும் இதற்கு வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

5. போஹுஸ்: நூலில் குடியிருந்த வடிவமைப்பு

இப்போது ஸ்வீடனுக்கு வருவோம். 1930களின் மந்தத்தில் போஹுஸ்லேன் கடலோரப் பகுதியின் கருங்கல் தொழில் படுத்தது. வேலையிழந்த கல்லுடைப்பவர்களின் மனைவியர் ஏதாவது வேலை ஏற்பாடு செய்யும்படி மாகாண ஆளுநரின் மனைவியை நாடினார்கள். அவர் எம்மா யாகோப்சன். 1883இல் வியன்னாவில் பிறந்து, தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். தானம் கொடுப்பதில் அவருக்கு நம்பிக்கையில்லை. விற்கக்கூடிய தரத்தில் பொருள் வேண்டும் என்றார். 1939இல் போஹுஸ் ஸ்டிக்னிங் முறையாக உருவானது.

தொடக்கத்தில் சாதாரணக் காலுறையும் கையுறையும்தான். பிறகு வந்த ஸ்வெட்டர்களே அதற்குப் புகழ் தேடித் தந்தன. வேரா பியூர்ஸ்ட்ரோம், அன்னா-லிசா மன்ஹைமர் லுன், கெர்ஸ்டின் ஓல்சன், கரின் ஈவர்சன் முதலியோர் வடிவமைத்தார்கள். மன்ஹைமர் லுன்னின் ‘நீல மினுக்கம்’ 1947இல் வந்தது. கழுத்தைச் சுற்றி வட்டமாக இறங்கும் நிறப்பட்டை இவற்றின் அடையாளம். அந்தப் பட்டையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால்தான் தந்திரம் புரியும். வழக்கமான நிறப்பின்னலில் வெளிப்புறம் முழுவதும் வழுவழுப்பாக இருக்கும். இவர்கள் இடையிடையே சில கண்ணிகளைப் பர்ல் முறையில் வெளிப்புறம் திருப்பினார்கள். அப்படித் திருப்பும்போது கீழ்வரிசையின் நிறம் சிறு புடைப்பாக மேலே எட்டிப்பார்க்கும். அங்கோரா முயலின் ரோமம் கலந்த நூலில் அந்தப் புடைப்பின் ஓரம் கலைந்து பக்கத்து நிறத்தின்மேல் பனிபோல் படியும். நாலைந்து நிறங்களைப் பார்க்கும் கண் பத்துப் பன்னிரண்டு இருப்பதாக மயங்கும்.

ஆக, போஹுஸ் வடிவமைப்பில் கண்ணிகளின் படம் பாதிதான். மறுபாதி நூலின் கலவையிலும் சாயத்திலும் இருந்தது. இவற்றின் செய்முறை வெளியே விற்கப்படவில்லை. நிறுவனம் நூலைக் கொடுத்தது, பெண்கள் வீட்டில் பின்னினார்கள், நிறுவனம் சோதித்து விற்றது. தொழில் நடந்த காலத்தில் இது சரியான முடிவு. தரம் அதனால்தான் நின்றது. கதவு மூடியதும் அதுவே பூட்டாயிற்று. பின்னிய பெண்ணுக்கு நூலின் மூலம் தெரியாது. சாயமிட்டவருக்குப் பின்னல் தெரியாது. வரைந்தவருக்கு இரண்டும் தெரிந்தாலும் கையில் எதுவும் இல்லை.

எம்மாவின் கணவர் மால்ட்டே யாகோப்சன் 1966இல் இறந்தார். நிறுவனம் 1969இல் நின்றது. இரண்டையும் காரணகாரியமாக இணைத்துவிட ஆசை எழும். வாழ்க்கை வரலாறுகள் இத்தகைய இணைப்புகளால்தான் நிரம்பியிருக்கின்றன. ஆனால் பொருளாதாரமே போதுமான விளக்கம். 1960களில் ஸ்வீடனில் பெண்களுக்கு வேறு வேலை கிடைத்தது, கூலி உயர்ந்தது, மணிக்கணக்கில் பின்னிய ஆடையின் விலையைச் சந்தை ஏற்கவில்லை. எம்மாவுக்கு அப்போது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. துயரத்துக்கு இடம் உண்டு, ஆனால் விளக்கத்தில் அதற்கு முதலிடம் கிடையாது.

மீட்பு பிறகு நடந்தது. முன்னாள் பணியாளர்களின் நினைவுகளையும் பொருட்களையும் திரட்டி உல்லா ஹேக்லுண்ட், இங்கிரிட் மெஸ்டர்டன் இருவரும் 1980இல் ஒரு நூல் வெளியிட்டனர். அமெரிக்கரான வெண்டி கீலின் ‘போயம்ஸ் ஆஃப் கலர்’ 1995இல் வந்து, பின்னுபவர்களுக்குப் படங்களோடு செய்முறையையும் தந்தது. உட்டேவல்லாவில் உள்ள போஹுஸ்லேன் அருங்காட்சியகம் ஆடைகளைச் சேகரித்தது. அவற்றைப் பார்த்துச் சாயத்தையும் நூலையும் மறுபடி உருவாக்கும் பெரும்பணியைச் செய்தவர் சோல்வேக் குஸ்டாஃப்சன். சாதாரணக் கம்பளியில் அதே படத்தைப் பின்னியவர்கள் ஏமாந்தார்கள். நிறங்கள் தனித்தனியே நின்றன. அங்கோராவும் சரியான சாயமும் திரும்பி வந்த பிறகுதான் போஹுஸ் திரும்பி வந்தது. அருங்காட்சியகப் பார்வையை நான் மேலே குறைசொன்னேன். போஹுஸ் விஷயத்தில் அருங்காட்சியகம் இல்லாதிருந்தால் மீட்பே இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

6. சிம்மர்மன்: கணக்கில் குடியிருந்த வடிவமைப்பு

எலிசபெத் சிம்மர்மன் 1910இல் இங்கிலாந்தில் பிறந்து, ஜெர்மனியில் ஓவியம் படிக்கப்போன இடத்தில் ஆர்னால்ட் என்ற பீர் தயாரிப்பு நிபுணரைச் சந்தித்து மணந்தவர். ஹிட்லரின் ஆட்சியில் அங்கே இருப்பது ஆபத்து என்றாகி, இருவரும் 1937இல் அமெரிக்காவுக்குப் போனார்கள். அங்கே பத்திரிகைகளுக்கு ஸ்வெட்டர் வடிவமைத்து அனுப்பிய எலிசபெத், தம் வட்டப் பின்னலைப் பத்திரிகையாளர்கள் தம்மைக் கேட்காமலே தட்டைத் துண்டுகளாக மாற்றி அச்சிட்டதைக் கண்டு கோபம் கொண்டார். 1958இல் தாமே ஒரு செய்திமடல் தொடங்கினார். அடுத்த ஆண்டு பிறந்ததுதான் அவருடைய ஸ்கூல்ஹவுஸ் பிரஸ் நிறுவனம். 1971இல் ‘நிட்டிங் விதவுட் டியர்ஸ்’ வெளிவந்தது. 1974 முதல் ஆண்டுதோறும் பின்னல் முகாம்.

அவர் புத்தகங்களில் ஆர்னால்ட் செல்லக் கேலியோடு அடிக்கடி தலைகாட்டுகிறார். காட்டில் கூடாரமடித்துத் தங்கும்போதும் படகில் போகும்போதும் எலிசபெத் பின்னிக்கொண்டேயிருந்த வாழ்க்கைக்கு இன்னொரு கரையாக இருந்தவர் அவர். ஆனால் வடிவமைப்பில் எலிசபெத்தின் துணை மகள் மெக் ஸ்வான்சன். தாயும் மகளும் சேர்ந்து எழுதினார்கள், தொலைக்காட்சியில் தோன்றினார்கள், நிறுவனத்தை நடத்தினார்கள். தாய் 1980களின் இறுதியில் ஒதுங்கிக்கொண்டார். மெக்கின் கணவர், இசையமைப்பாளர் கிரிஸ் ஸ்வான்சன் 1995இல் மறைந்தார். நாலாண்டில் தாயும் போனார். வீட்டுத் துணை, வேலைத் துணை இரண்டையும் அடுத்தடுத்து இழந்த ஒருவர் எதைக் கொண்டு தொழிலைத் தொடர்ந்தார் என்பதற்கு எலிசபெத்தின் முறையிலேயே விடை இருக்கிறது.

அவருடைய விகிதக் கணக்கைப் பாருங்கள். உங்கள் கையில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி விழுகிறது என்று ஒரு சிறு துண்டு பின்னி அளந்துகொள்ளுங்கள். ஐந்து என்று வைப்போம். ஸ்வெட்டரின் மார்புச் சுற்று 40 அங்குலம். பெருக்கினால் 200. இதுதான் நூறு சதவீதம். மணிக்கட்டுக்கு இதில் 20 சதவீதம், அதாவது 40 கண்ணி. மேற்கைக்கு மூன்றில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூட. அக்குளில் ஒதுக்க 8 சதவீதம், 16 கண்ணி. கழுத்துக்கு 40 சதவீதம், 80 கண்ணி. இறுக்கமாகப் பின்னுபவருக்கு அங்குலத்துக்கு ஐந்தரை விழுந்தால் நூறு சதவீதம் 220 ஆகும்; மணிக்கட்டு 44, கழுத்து 88 என்று எல்லாம் தாமாகவே மாறிக்கொள்ளும். நான்காம் பகுதியில் கை மாறினால் ஆடை குறுகும் என்று கண்டோம். இங்கே கை மாறினால் கணக்கு மாறுகிறது, ஆடை குறுகுவதில்லை. எலிசபெத்தின் வடிவமைப்பு முதல் நாளிலிருந்தே வேறொருவர் கையை எதிர்பார்த்து எழுதப்பட்டது.

வட்டச் சால்வைக்கும் அப்படியே. வட்டத்தின் ஆரம் இரட்டித்தால் சுற்றளவும் இரட்டிக்கும் என்ற பள்ளிக்கூட வடிவியலே அதன் முழு ரகசியம். 9 கண்ணியில் தொடங்கி 18, 36, 72, 144, 288 என்று இரட்டித்துப் போகலாம். ஒவ்வொரு இரட்டிப்புக்கும் இடைப்பட்ட வரிசைகளும் 3, 6, 12, 24 என்று இரட்டிக்கும். இடையில் எந்தப் பூவேலை செய்வது என்பது பின்னுபவர் விருப்பம். இதை ஒருமுறை புரிந்துகொண்டவருக்கு மறுபடி புத்தகம் தேவைப்படாது. விற்பனைக் கண்ணில் இது முட்டாள்தனம். ஆனாலும் வாசகர்கள் அவரை விட்டுப் போகவில்லை, அடுத்த புத்தகத்துக்குக் காத்திருந்தார்கள். இவற்றைத் தாம் புதிதாகக் கண்டுபிடித்ததாகவும் அவர் கொண்டாடவில்லை. எப்போதோ எவரோ கண்டு மறந்ததைத் தாம் தோண்டியெடுத்ததாகவே சொல்லிவந்தார்.

தாய் இறந்தபின் மெக் செய்தவை இரண்டு வகை. ஒன்று, பழையதைத் தொகுத்தல். தொடக்ககாலச் செய்திமடல்களைப் பின்னணிக் குறிப்புகளோடு 2005இல் ‘தி ஒப்பினியனேட்டட் நிட்டர்’ என்று வெளியிட்டார். மற்றது, வெளிவராதவற்றை வெளியிடுதல். 2011இல் வந்த ‘நிட் ஒன் நிட் ஆல்’ அத்தகையது. முதல் வகையில் சிக்கல் இல்லை. இரண்டாவதில் நியாயமான ஐயம் உண்டு: வெளியிடாமல் வைத்திருந்ததை, இறந்தவரே நிராகரித்ததாகக் கொள்ளலாகாதா? இலக்கியத்தில் இந்த விவாதம் பழையது. ஆனால் கைப்பின்னலுக்கு அதை அப்படியே பொருத்துவது பிழை. வெளிவராத கவிதை ஒரு முடிவு. வெளிவராத ஸ்வெட்டர் பெரும்பாலும் நேரமின்மை. பின்னிப் பார்த்து, உடுத்திப் பார்த்து, குறிப்பைத் துல்லியமாக்கும் வேலைக்கு மாதங்கள் ஆகும். அந்த வேலையைத்தான் மகள் செய்தார். பல இடங்களில் தம் மாற்றங்களைத் தம்முடையவை என்று தனியே சொல்லியும் விடுகிறார். இந்த ஒரு பழக்கம் இல்லாவிட்டால் எங்கே தாய் முடிகிறார், எங்கே மகள் தொடங்குகிறார் என்று பின்னால் வரும் ஆய்வாளர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். இப்போது மெக்கின் மகன் கல்லியும் நிறுவனத்தில் இருக்கிறார்.

7. சட்டம் எவ்வளவு தூரம் வரும்?

சுருக்கமாகச் சொன்னால், அதிக தூரம் வராது. எழுதிய செய்முறைக்கும் வரைந்த படத்துக்கும் பதிப்புரிமை உண்டு. இந்தியாவில் அது ஆசிரியர் இறந்தபின் 60 ஆண்டு, பிரிட்டனில் 70 ஆண்டு நீடிக்கும். இருவர் பிரிக்க முடியாதபடி சேர்ந்து எழுதியதானால் இருவரில் கடைசியாக இறந்தவரிலிருந்து எண்ணுவார்கள். ஆனால் ஒரு கண்ணியை எப்படிப் போடுவது என்ற உத்திக்கு எவரும் உரிமை கோர முடியாது. உயில் இல்லாவிட்டால் பதிப்புரிமை சட்டப்படியான வாரிசுக்குப் போகும். முப்பது ஆண்டு கூட உழைத்த தொழில் கூட்டாளியோ, பின்னிக்கொடுத்த பெண்ணோ அந்தப் பட்டியலில் வரமாட்டார். உழைப்பின் துணையும் சட்டத்தின் துணையும் ஒருவராக இல்லாத இடங்களில்தான் பெட்டி பெட்டியாகக் குறிப்புகள் அழிகின்றன.

அழிவு எப்படி இருக்கும் என்பதை நார்வேயின் அன்னெமோர் சுண்ட்போ கண்டார். கந்தல் கம்பளியை அரைத்து மெத்தைக்கு அடைக்கும் ஒரு பழைய ஆலையை 1983இல் வாங்கியவர் அவர். அங்கே சுமார் 16 டன் கந்தல் குவிந்து கிடந்தது. அதற்குள் பல பத்தாண்டுகளின் கைப்பின்னல் ஸ்வெட்டர்கள், ஒட்டுப்போட்டவை, முழங்கையில் வேறு நூல் கொடுத்துத் தைத்தவை. அவற்றைப் பிரித்து ஆராய்ந்து நார்வேப் பின்னல் மரபைப் பற்றி நூல்கள் எழுதினார். பின்னியவர்களின் பெயர் ஒன்றுகூட அந்தக் குவியலில் இல்லை.

8. மதிப்பீடு

மேற்கண்ட சான்றுகளை எடைபோட்டால், தொடர்ச்சிக்கு அன்போ விசுவாசமோ மட்டும் போதவில்லை என்பது தெரிகிறது. மிஞ்சியவர் முதலில் அறிய வேண்டியது, வடிவமைப்பு எங்கே தங்கியிருந்தது என்பதை. கணக்கில் தங்கியிருந்தால் கற்பிப்பதே காப்பது. சிம்மர்மன் குடும்பம் செய்தது அது. நிறத்தேர்வில் தங்கியிருந்தால் கண்ணைப் பழக்க வேண்டும். ஃபாசெட் அதைச் செய்கிறார். நூலிலும் சாயத்திலும் தங்கியிருந்தால், எத்தனை மாணவர் இருந்தாலும் நூலின் மாதிரி கையில் இல்லாமல் ஒன்றும் நடக்காது. போஹுஸை மீட்க முடிந்தது ஆடைகள் மிஞ்சியதால். கையிலேயே தங்கியிருந்ததென்றால், அதைக் காப்பாற்ற முடியாது என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. அரான் வியாபாரிகள் அதை ஒப்புக்கொள்ளாமல் சின்னமாக்கி விற்றார்கள்.

‘முறையைத் திறந்துவிட்டால் எல்லாம் பிழைக்கும்’ என்று சிம்மர்மன் உதாரணத்தை வைத்துச் சொல்வோர் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. எலிசபெத்துக்குத் தம் பெயரைச் சுமக்க ஒரு மகளும் பதிப்பகமும் இருந்தன. கல்லுடைப்பவர்களின் மனைவியருக்குக் கூலி வேண்டியிருந்தது. செய்முறையை அன்று திறந்துவிட்டிருந்தால் கூலி போயிருக்கும். காலம் கடந்த பிறகு திறப்பதற்காக அன்றே எழுதி வைத்திருக்கலாம் என்பது மட்டுமே நியாயமான குறை.

நம் வீடுகளிலும் ஸ்வெட்டர் பின்னிய அம்மாக்கள், மனைவியர், அத்தைகள் உண்டு. அவர்கள் போன பிறகு முடிந்த ஸ்வெட்டரை மடித்து வைத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தையும் அரைகுறைத் துண்டுகளையும் பழைய பேப்பர்காரரிடம் போடுகிறோம். போட வேண்டாம். நூல்கண்டின் சீட்டு, ஊசியின் எண், பின்னிப் பார்த்த சிறு துண்டு, விளிம்பில் கிறுக்கிய எண்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, மேலே பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். அவர் இன்னும் இருக்கிறார் என்றால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.